புள்ளி விழுந்த கட்டாக் கருவாடு

வியாழக்கிழமை காலை பாலேஸ்வரி குசினி வாசலில் நின்று சொன்னார்.

"நிருஷா, கோயில்ல கொடி ஏறிட்டுது."

"தெரியும் பெரியம்மா."

"இனிப் பத்து நாளைக்கு இந்த வீட்டுக்குள்ள மீன், மச்சம் ஒண்டும் இல்லை."

"நான் மச்சம் சாப்பிடேல்லையே."

"நீ சாப்பிடேல்லை. ஆனா உன்ர அலுமாரிக்குள்ள ஒரு கட்டாக் கருவாடு படுத்திருக்கு."

"அது கருவாடில்லை பெரியம்மா. ஆராய்ச்சிச் சாம்பிள்."

"சாம்பிள் மணக்குமோ?"

வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி ஃபிளாட், ஜன்னலைத் திறந்தால் கடல். கடற்காற்று அடித்தும் அலுமாரி மணம் போகவில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

"எனக்கு வேணுமெண்டது மீனில்லை. அதில இருக்கிற பழுப்புப் புள்ளிதான். அது பூஞ்சணம். பூஞ்சணம் மரக்கறிதானே?"

"பூஞ்சணம் மரக்கறி. அது குடியிருக்கிற இடம்?"

"மீன்."

"அப்ப கொண்டுபோ."

நிருஷா எம்.பில். படிப்பவள். உப்பில் மட்டும் வளரும் ஒரு பூஞ்சணத்தைப் பற்றி இரண்டு வருடமாக எழுதுகிறாள். முதலில் ஆய்வுகூடத்தில் தட்டுத் தட்டாக வளர்த்து வைத்திருந்தாள். பல்கலைக்கழகத்தில் வேலைநிறுத்தம் தொடங்குவதற்கு முதல்நாள் யாரோ ஆய்வுகூடத்தைத் துப்புரவு செய்தார்கள். பழுப்புப் பூத்த தட்டுகளைக் கண்டு, கெட்டுப்போய்விட்டன என்று எல்லாவற்றையும் கொதிநீராவியில் அவித்துக் கொட்டினார்கள். ஆய்வுகூடம் அவ்வளவு துப்புரவாக அதற்கு முன் இருந்ததில்லை. எஞ்சியது இந்த ஒரு துண்டுதான். பரீட்சகர் வளர்ச்சியை இன்னொருமுறை காட்டச் சொல்லியிருந்தார். மாத முடிவுக்குள் காட்டாவிட்டால் அவளுடைய பதிவு ரத்தாகும், இரண்டு வருடமும் போகும். அந்தப் பூஞ்சணமோ கண்ணுக்குத் தெரிய வளர்வதற்கு மூன்று கிழமை, இருபத்தொரு நாள், எடுக்கும். அன்று திகதி ஆறு.

ஆய்வுகூடம் பூட்டிக் கிடந்தது, வேலைநிறுத்தம் எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. கருவாட்டோடு போவதற்கு கொழும்பில் அவளுக்கு ஒரே ஒரு வீடுதான் இருந்தது.

கொட்டாஞ்சேனை றோஸி, நிருஷாவோடு படித்த றஷ்மியின் தாய். றஷ்மி இப்போது டுபாயில். அந்தக் கருவாட்டை முதலில் வாங்கியதே றோஸிதான். எட்டு மாதத்துக்கு முன் வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்தபோது புள்ளிகளைக் கண்டு, கடைக்குத் திரும்பிப் போய்க் கடைக்காரனை ஏசிவிட்டு வந்து எறியப் போனவரிடம், "அன்டி, எனக்குத் தாங்கோ" என்று நிருஷா கேட்டு வாங்கியிருந்தாள். ஆராய்ச்சியின் கடைசி எட்டு மாதமும் அந்த மீனின் பூஞ்சணத்தோடுதான்.

அன்று மாலை அவள் பஸ்ஸில் வந்து சேர்ந்தபோது றோஸி கதவைத் திறந்தார்.

"என்னா புள்ள, பஸ்ஸில சீட் கிடைச்சிச்சா?"

"மூண்டு சீட் கிடைச்சது. பக்கத்தில இருந்த ரெண்டு பேரும் எழும்பிப் போட்டினம்."

றோஸி பிளாஸ்டிக் பெட்டியைத் திறந்து பார்த்தார். உப்புப் பூத்த கட்டாத் துண்டு. மேலே மிளகுத்தூள் தூவியதுபோலப் பழுப்புப் புள்ளிகள்.

"இன்னும் உசிரோட இருக்கா?"

"ஓம் அன்டி."

"இவ்வளவு உப்புல எப்புடி? நான் ஒரு சிட்டிகை கூடப் போட்டாலே எங்க மனுஷனுக்கு பிரஷர் ஏறுது."

"உப்பு என்ன செய்யும்? பக்கத்தில இருக்கிற ஈரத்தையெல்லாம் இழுக்கும்."

"அதுக்குத்தானே மீனுக்குப் போடுறது."

"வேற பூஞ்சணம் எண்டால் உள்ளுக்க இருக்கிற தண்ணியைப் பறிகுடுத்துச் சுருங்கிச் செத்துப்போகும். இது தனக்குள்ள கிளிசரின் செய்து நிரப்பி வைச்சிருக்கும். அது தண்ணியைப் போகவிடாமல் பிடிச்சுக்கொள்ளும்."

"கிளிசரினா? நான் உதட்டுக்குப் பூசுறேனே, அதுவா?"

"அதேதான்."

"அதுக்கு யாரு வாங்கிக் குடுக்கிறது?"

"தானே செய்யும் அன்டி. உப்பு கூடினால் கூடச் செய்யும், குறைஞ்சால் குறைக்கும். தப்பித் தவறி உப்பு உள்ளுக்கு வந்தால் பிடிச்சு வெளியில தள்ளும். சுவரையும் மொத்தமாக்கும். நல்ல உப்பில இருந்தால் சுவர் மூண்டு மடங்கு தடிப்பு."

"வாசல்ல வந்து நிக்கிற சொந்தக்காரங்கள நான் சமாளிக்கிற மாதிரி."

"பிறகு, தனிய இருக்காது. நாப்பது ஐம்பது உயிர்க்கலம் ஒண்டோடொண்டு ஒட்டிக் கட்டியா இருக்கும். நடுவில இருக்கிறதுகளுக்கு உப்புப் படுறது குறைவு."

"எங்க தோட்டத்துல ஒட்டி ஒட்டிக் கட்டின வீடுகள் மாதிரிச் சொல்லு. நடுவீட்டுக்கு வெயிலும் இல்ல, காத்தும் இல்ல. பேரு என்னா?"

"வலேமியா."

"பொம்புளப்புள்ள பேரு மாதிரி இருக்கு. பாவம், நல்ல தண்ணியில விட்டா நிம்மதியா இருக்குமே?"

"செத்துப்போகும் அன்டி. அதுக்கு உப்பில்லாமல் சீவிக்கத் தெரியாது. நல்ல தண்ணி பட்டால் தண்ணி உள்ளுக்க பாயும். அதனாலதான் சொல்லுறன், ஒரு சொட்டுத் தண்ணியும் படக்கூடாது. ஃபிரிட்ஜும் வேண்டாம். மூடி வைச்சாப் போதும்."

"நான் பாத்துக்கிறேன். நீ கவலைப்படாத மகள்."

றோஸி பெட்டியைக் குசினி மேல்தட்டில் வைத்தார். தகவல் அந்த இடத்தோடு நின்றுவிட்டது.

சனிக்கிழமை காலை வேலைநிறுத்தம் கைவிடப்பட்டது என்று செய்தி வந்தது. ஆய்வுகூடம் மத்தியானம் வரை திறந்திருக்கும். நிருஷா வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு ஒரு மணித்தியாலத்தில் வந்துவிட்டாள். கதவைத் திறந்தவர் றேமண்ட். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வுபெற்றவர், றோஸியின் கணவர். முகம் மலர்ந்திருந்தது.

"வாங்க மகள், வாங்க. சரியான நேரத்துக்கு வந்தீங்க. உங்களுக்கும் எடுத்து வச்சிருக்கேன்."

"என்னத்தை அங்கிள்?"

"நேத்து வெள்ளிக்கிழமைதானே. தபசுகாலம், ஈஸ்டருக்கு முந்தின நோன்பு. வெள்ளிக்கு வெள்ளி சமையல் என்னோட பொறுப்பு. அதுதான் இந்த வருஷம் ஆண்டவருக்காக என்னோட ஒறுத்தல். றோஸி கோயில்ல சிலுவைப்பாதைக்குப் போயிட்டா. இறைச்சி இல்லாத நாள், என்னாத்தச் சமைக்கலாமுன்னு மேல்தட்டைப் பாத்தா, ஒரு கட்டாத் துண்டு."

நிருஷா குசினிக்குள் போனாள். சட்டி மூடியைத் திறந்தாள். கத்தரிக்காயும் கருவாடும் பழப்புளியும் கலந்த குழம்பில் இரண்டு துண்டு மிச்சமிருந்தது.

"ஊறப்போட்டனீங்களோ?"

"பின்ன? என்னா உப்பு! அரிசி கழுவுன தண்ணியில ஒரு மணித்தியாலம். அப்புறம் மூணு தண்ணி மாத்துனேன். மேல ஏதோ ஊத்தையா இருந்திச்சு, தேங்காத் தும்பு போட்டு நல்லாத் தேய்ச்சிட்டேன்."

"கொதிச்சதோ?"

"ரெண்டு தரம்."

"பெட்டி?"

"பெட்டியையும் கழுவிட்டேன் மகள். சுடுதண்ணியில, சவர்க்காரம் போட்டு."

நிருஷா மூடியைத் திரும்ப வைத்தாள். ஒரு மனுஷன் இதைவிடத் திருத்தமாக ஒரு வேலையைச் செய்திருக்க முடியாது.

றோஸி பூசை முடித்துச் சந்தைப் பையோடு உள்ளே வந்தார். சட்டியைப் பார்த்தார், நிருஷாவைப் பார்த்தார், கடைசியாகக் கணவரைப் பார்த்தார்.

"றேமண்ட்."

"என்னா?"

"நீங்க சாப்பிட்டது அந்தப் புள்ளையோட டிகிரி."

"யாரு சொன்னா எனக்கு?"

"யாரும் சொல்லல."

"அப்ப?"

"அதுதான் நானும் யோசிக்கிறேன்" என்றார் றோஸி. "மகள், நான் அவருக்குச் சொல்லியிருக்கணும். வெள்ளிக்கிழமை அந்தக் குசினிக்குள்ள எனக்கு அனுமதி இல்ல. அதையாவது நான் நினைச்சிருக்கணும்."

றேமண்ட் கதிரையில் உட்கார்ந்தார். "சாப்பிட்டதால எனக்கு ஏதும் வருமா?"

"வராது அங்கிள். நல்லா அவிச்சிட்டீங்கள்."

"நல்லாத்தான் இருந்திச்சு" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி.

நிருஷா பல்கனியில் நின்று பேராசிரியருக்குத் தொலைபேசி எடுத்தாள். இரண்டு நிமிடத்தில் திரும்பி வந்தாள்.

"என்னா சொன்னாரு?"

"அதே கடையில, அதே மாதிரி மீனில, அதே இனம் திரும்பக் கிடைச்சால் ஏற்பாராம். இண்டைக்கே தட்டில போட்டால்தான் மாத முடிவுக்குள்ள வளருமாம்."

"அவ்வளவுதானா? றெனால்டோட கடைதானே. ரெண்டு தெரு தள்ளி. றேமண்ட், சேர்ட்டப் போடுங்க."

"நானும் வரணுமா?"

"ஒறுத்தல் இன்னும் முடியல."

றெனால்டின் கடை சந்தைக்குப் பின்புறம். வாசலில் கட்டா, பாரை, சுறா, நெத்தலி என்று பலகையில் அடுக்கியிருந்தது. நாற்பது வயதிருக்கும் றெனால்ட் ஒரு சிங்களப் பெண்ணிடம் "ஹொந்த கரவல, நோனா" என்று கருவாட்டைப் புகழ்ந்து நெத்தலியை அள்ளிக் காட்டிக்கொண்டிருந்தார். றோஸியைக் கண்டதும் அள்ளிய கை நின்றது.

"அய்யோ றோஸி அக்கா. இந்தத் தரம் என்னா குறை?"

"குறை ஒண்ணுமில்ல தம்பி. ஒரு கட்டா வேணும். புள்ளி விழுந்தது."

றெனால்ட் சிங்களப் பெண்ணை அனுப்பிவிட்டு வந்தார்.

"என்னா விழுந்தது?"

"புள்ளி. பழுப்புப் புள்ளி. முந்தி ஒண்ணு தந்தீங்களே."

"எங்க கடையில புள்ளி விழுந்த மீன் இல்ல."

"எட்டு மாசத்துக்கு முன்னால இருந்திச்சு."

"எட்டு மாசத்துக்கு முன்னால நீங்க இதே இடத்துல நின்னு ஏசினீங்க. கோயில் விட்டு வந்த சனம் முழுக்கக் கேட்டுக்கிட்டு நின்னிச்சு. அதுக்கப்புறம் இந்தக் கடையில புள்ளி கிடையாது."

"ஒண்ணுகூடவா?"

"அக்கா, ஒவ்வொரு மீனையும் நான் கையால தொட்டுப் பாத்துத்தான் வைக்கிறேன்."

நிருஷா பொறுக்கமுடியாமல் முன்னால் வந்தாள். கையுறை போட்டிருந்தாள். கையில் மூடி போட்ட சோதனைக் குழாய்கள்.

"அண்ணா, நல்ல மீன் வேண்டாம். இருக்கிறதில மோசமானது ஒண்டு தாங்கோ."

றெனால்ட் கையுறையைப் பார்த்தார், குழாய்களைப் பார்த்தார். முகம் கல்லானது.

"மிஸ் பி.எச்.ஐ.யா?"

"இல்லை."

"சுகாதாரப் பரிசோதகருங்க எல்லாரும் முதல்ல இல்லைன்னுதான் சொல்றாங்க."

"நான் பல்கலைக்கழகத்தில படிக்கிறன். உங்கட மீனில இருந்த பூஞ்சணத்தைப் பற்றித்தான் எழுதுறன்."

"என்னோட மீனைப் பத்தி எழுதுறீங்களா?" அவர் றோஸியிடம் திரும்பினார். "அக்கா, ஏசினீங்க, பொறுத்துக்கிட்டேன். இப்ப எழுதவும் ஆள் கூட்டிக்கிட்டு வந்திருக்கீங்க."

"தம்பி, இது எங்க றஷ்மியோட படிச்ச புள்ள. அது கிடைக்காட்டி ரெண்டு வருஷப் படிப்பு போயிரும்."

"எனக்கும் மூணு புள்ளைங்க படிக்குதுங்க. கடை போயிட்டா அதுங்க படிப்பும் போயிரும்."

றேமண்ட் தொண்டையைச் செருமினார். "தம்பி, மிச்சமிருந்த மீனை நான்தான் நேத்து சாப்பிட்டேன்."

"எப்புடி இருந்திச்சு?"

"நல்லா இருந்திச்சு."

"அப்ப பாத்தீங்களா? என்னோட மீன்ல குறை இல்ல."

பேச்சு இந்த இடத்தில் சுற்றிச் சுற்றி நின்றது. நிருஷா பலகையில் இருந்த கட்டாக்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். றெனால்ட் சொன்னது பொய்யில்லை. ஒரு மீனிலும் புள்ளி இல்லை. எல்லாம் வெள்ளை வெளேரென்று உப்போடு கிடந்தன. மணிக்கூட்டில் பத்தரை.

"அண்ணா, இவ்வளவு துப்புரவா எப்படி வைச்சிருக்கிறீங்கள்?"

கடைக்காரர்கள் எவரும் மறுக்காத கேள்வி அது. றெனால்டின் தோள் கொஞ்சம் இறங்கியது.

"அது பெரிய வேலை மிஸ். உள்ள கொண்டாந்ததும் ஒவ்வொண்ணையும் பிரஷ் போட்டுத் துடைப்பேன். புள்ளி வந்தாலும் அன்னைக்கே போயிரும். அப்புறம் காத்துல காய வச்சிட்டு வெளிய வைப்பேன்."

"பிரஷை என்னத்தில தோய்ப்பீங்கள்?"

"உப்புத் தண்ணியில. நல்ல தண்ணி பட்டா கருவாடு நாறிரும். நல்லா உப்பு அள்ளிப் போட்டு, அடியில கரையாம நிக்கிற அளவுக்கு இருக்கணும். அதுல எதுவும் வாழாது."

நிருஷா மீனைப் பலகையில் வைத்தாள்.

"அந்தத் தண்ணியை எப்ப மாத்தினனீங்கள்?"

"ஏன் மாத்தணும்? குறைஞ்சா ஊத்துவேன். உப்பு குறைஞ்சா போடுவேன்."

"எட்டு மாசமா?"

"எட்டு மாசமா."

"நான் அதைப் பாக்கலாமோ?"

பின்பக்கம் தண்ணீர்க் குழாயடியில் ஒரு பெயின்ற் வாளி இருந்தது. அதற்குள் கைபிடி தேய்ந்த ஒரு தும்புப் பிரஷ். வாளியின் விளிம்பைச் சுற்றி உப்புக் கட்டி, உப்புக் கட்டியின் மேல் பழுப்பு. பிரஷின் தும்புகளுக்கிடையில் பழுப்பு. தண்ணீரின் நிறம் தேயிலைச் சாயம். நிருஷா பக்கத்தில் குந்தி, உருப்பெருக்கியை எடுத்துத் தும்பின் அருகில் பிடித்தாள். நெடுநேரம் எழும்பவில்லை.

"என்னா மகள்?" என்றார் றோஸி.

"இருக்கு அன்டி."

"எவ்வளவு?"

"நான் இரண்டு வருஷத்தில வளர்த்ததைவிடக் கூட."

றெனால்ட் எட்டிப் பார்த்தார். "என்னா இருக்கு?"

அந்த நேரத்தில் நிருஷா பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவள் சந்தோஷத்தில் இருந்தாள். சந்தோஷத்தில் இருக்கிற ஆராய்ச்சி மாணவி விளக்கம் சொல்லாமல் இருக்கமாட்டாள்.

"புள்ளி அண்ணா. அதேதான். இது உப்பிலதான் வாழும். நீங்கள் அதுக்கு வேணுமெண்ட அளவு உப்புக் குடுத்து, மீன்ல இருந்து சாப்பாடும் குடுத்து, எட்டு மாசம் வளர்த்திருக்கிறீங்கள். மீனில புள்ளி தெரியிறதுக்கு முன்னம் அது வித்துப்போகுது."

"அப்ப நான் துடைச்சது?"

"பூசினது."

"ஒவ்வொரு மீனுக்குமா?"

"ஓம்."

"கையாலயா?"

"பிரஷால."

றெனால்ட் கையைச் சட்டையில் துடைத்தார். பிறகு கேட்டார், "இதைக் கொல்றது எப்புடி?"

"அது லேசு" என்றாள் நிருஷா. "நல்ல தண்ணியில கழுவினாப் போதும்."

சொல்லி முடிக்குமுன் றெனால்ட் ஒரு கையால் வாளியையும் மறுகையால் பிரஷையும் தூக்கிவிட்டார். குழாய் இரண்டடி தள்ளித்தான் இருந்தது.

"அண்ணா, வேண்டாம்!"

"றேமண்ட், பைப்!" என்று கத்தினார் றோஸி.

முப்பது வருடம் துறைமுகத்தில் விசில் சத்தத்துக்குப் பாரம் நிறுத்திய மனிதர் றேமண்ட். றோஸியின் குரலுக்கும் அப்படித்தான். குழாயின் முன் போய் நின்று, திருகைக் கையால் மூடிப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, விலகுங்க."

"முடியாது தம்பி. நேத்து நான் தண்ணி ஊத்துனதாலதான் இன்னைக்கு இங்க நிக்கிறேன்."

"இது என்னோட கடை, என்னோட பைப்."

"சரிதான். கழுவுங்க. புள்ள எடுத்ததுக்கு அப்புறம் கழுவுங்க."

"எடுத்துட்டுப் போயி, கொட்டாஞ்சேனை றெனால்ட் கடை வாளின்னு புத்தகத்துல போடுவாங்க. அப்புறம் நான் யாருக்கு மீன் விக்கிறது?"

றோஸி இடுப்பில் கைவைத்தார். "தம்பி, கேளுங்க. உங்களுக்கு இது வேணாம். அவளுக்கு இது வேணும். ஊத்திக் கழுவினா உங்களுக்கு மட்டும்தான் நல்லது. அவ கையில குடுத்தா ரெண்டு பேருக்கும் நல்லது. இதுல யோசிக்க என்னா இருக்கு?"

"பேரு."

"கடைப் பேர் போடமாட்டன் அண்ணா" என்றாள் நிருஷா. "கொழும்பு பதின்மூன்று எண்டு தபால் இலக்கம் மட்டும் போடுறன்."

"பதின்மூணுல எத்தனை கருவாட்டுக் கடை இருக்கு?"

"எனக்குத் தெரியாது."

"ஏழு" என்றார் றெனால்ட். மனதுக்குள் மற்ற ஆறு பேரையும் ஒருதரம் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும், முகம் கொஞ்சம் தெளிந்தது. "சரி. ஏழுல ஒண்ணு. ஆனா கொஞ்சமா எடுத்துட்டு மிச்சத்தை என்னோட தலையில விட்டுட்டுப் போகக்கூடாது. வாளியோட கொண்டு போங்க. பிரஷோட."

"எனக்கு ஒரு குழாய் போதும் அண்ணா."

"வாளியோட."

"புது பிரஷ் நான் வாங்கித் தாறேன்" என்றார் றோஸி.

"தாங்க. இந்தத் தரம் நல்ல தண்ணியில கழுவுவேன்."

த்ரீவீல்காரர் வாளியைக் கண்டு இருமடங்கு கேட்டார். றேமண்ட் பேரம் பேசாமல் கொடுத்தார். வாளியை மடியில் வைத்து, ஒரு சொட்டும் சிந்தாமல், பல்கலைக்கழக வாசல்வரை பிடித்துக்கொண்டு போனதும் அவர்தான். இறங்கும்போது காற்சட்டை முழுக்க உப்பு.

"காவல்காரன் இது என்னான்னு கேக்குறான் மகள்."

"சொல்லுங்கோ அங்கிள்."

"டிகிரின்னு சொல்லட்டுமா?"

"வேண்டாம். நான் வாறன்."

பதினொன்று ஐம்பதுக்கு முதல் தட்டில் போட்டாள். பன்னிரண்டுக்கு முன் பத்துத் தட்டு.

மூன்றாவது கிழமை முடிவில் எட்டுத் தட்டில் பழுப்புப் புள்ளிகள் தெரிந்தன. நுணுக்குக்காட்டியின் கீழ் கலங்கள் கட்டி கட்டியாக, தடித்த சுவரோடு, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு இருந்தன. பரீட்சகர் பார்த்தார், அளந்தார். பிறகு அளவைத் திரும்ப அளந்தார்.

"இந்த மாதிரியை எங்கிருந்து எடுத்தீர்கள்?"

"கருவாட்டுக் கடையொண்டில மீன் துடைக்கிற பிரஷ், சேர். கொழும்பு பதின்மூன்று."

"எந்தக் கடை?"

"ஏழில ஒண்டு, சேர்."

அவர் அப்படியே எழுதிக்கொண்டார். பதிவு ஆறு மாதம் நீடிக்கப்பட்டது. நிருஷா வெளியே வந்து முதலில் பெரியம்மாவுக்கும் பிறகு றோஸிக்கும் சொன்னாள். றோஸி போனை றேமண்டிடம் கொடுக்க, அவர் மூக்கைச் சிந்திவிட்டுத் திரும்ப றோஸியிடம் கொடுத்தார்.

அன்று பின்னேரம் அவளுக்கு ஓர் அழைப்பு வந்தது. றெனால்ட். இலக்கத்தை றோஸியிடம் வாங்கியிருந்தார்.

"மிஸ், அந்த வாளிச் சாமான் எப்புடி? செத்துப்போச்சா?"

"இல்லை அண்ணா. நல்லா இருக்கு. என்ர பதிவும் தப்பிட்டுது."

"சந்தோஷம். நான் புது பிரஷ் எடுத்தேன். ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணியில கழுவிக் காய வச்சேன். வாளியும் புதுசு. பலகை முழுக்க நல்ல தண்ணி ஊத்தித் தேய்ச்சேன்."

"நல்லது. உப்பு?"

"என்னா உப்பு?"

"மீனுக்குப் போடுற உப்பு. அதே மூட்டையோ?"

பின்னால் யாரோ ஒரு பெண் விலை கேட்டுக்கொண்டிருந்தார்.

"அதே மூட்டைதான். ஏன், அதுலயும் இருக்குமா?"

"இருக்கலாம் அண்ணா."

"இருக்கு மிஸ்" என்றார் றெனால்ட். "காலையில ஒரு கட்டாவுல புள்ளி பாத்தேன். இங்கயும் நல்லாத்தான் இருக்கு."